ஓடாது, தள்ளினால் நகரும்

ஜனவரி 9, வியாழன்

மருத்துவமனைக் கோட்டுகள் தைத்து முடிந்தன. பட்டனுக்குக் காஜா எடுப்பது மட்டும் பாக்கி. அதை உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும்போது கட்டடக்காரர் வந்தார். வாடகை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று டிராயரைத் திறந்தேன்.

"அது இருக்கட்டும்மா. கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறோம். மார்ச் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர்தான், இத்தனை வருஷத்தில் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதனால் எனக்கும் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது. "சரிங்க" என்றேன். அவர் போன பிறகு ஒரு காஜாவைக் கோணலாக எடுத்து, பிரித்து, மறுபடி எடுத்தேன்.

பக்கத்து வாட்ச் கடைக்காரர் சாயங்காலத்துக்குள் வேறு இடம் பார்த்துவிட்டார். அவருக்கு ஒரு மேசையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் போதும். எனக்கு அப்படியா? வெட்டும் மேசையே ஒரு ஆள் தாராளமாகப் படுத்து உருளுகிற அளவு. தெருவோடு நடந்து வந்தபோது பூட்டிக் கிடந்த இரண்டு கடைகளின் வாடகையை விசாரித்தேன். கேட்டதே போதும் என்று வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நின்று எங்கள் ஷெட்டைப் பார்த்தேன். தெருவைப் பார்த்த ஷெட், காலை வெயில் நேராக உள்ளே விழும். தையல் வேலைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஆனால் அதில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருக்கிறாரே.

ஜனவரி 11, சனி

இன்றும் கணவரிடம் சொல்லவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் இருக்கிறவர் யார் என்றால், அவருடைய கார். என்னைவிட வயதில் மூத்தது. உருண்டைக் கண் விளக்கு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். மூடிப்போன ஒரு லாட்ஜின் கொல்லையில் கிடந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தார். மகள் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. "இவ காலேஜுக்குப் போறப்போ இதுலதான் கொண்டுபோய் விடுவேன்" என்றார். அவள் பஸ்ஸில் போய்ப் படித்து, பஸ்ஸில் போய் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, வேறு ஊரில் குடியேறி, இப்போது அவளே ஒரு கார் வைத்திருக்கிறாள். இது இன்னும் ஷெட்டை விட்டு இறங்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று அவள்தான் பெயர் வைத்தாள். வேலை வெட்டி கிடையாது, இடத்தை அடைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

முதல் இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் வேலை நடந்தது. அதைப் பிரித்து மேய்ந்தார். கழற்றிய ஒவ்வொரு சாமானும் ஒரு டப்பாவில் போகும். கறுப்பு மையில் என்ன சாமான் என்று எழுதுவோம். இடப் பக்கத்தது என்றால் சிவப்பு டேப், வலப் பக்கத்தது என்றால் பச்சை. சில ஞாயிறு அவர் ஒட்டினார், சில ஞாயிறு நான் ஒட்டினேன். டேப்பை அவர் பல்லால் கடித்துக் கிழிப்பார். நான் பழைய கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டுவேன். துணிக் கத்தரிக்கோலை இந்த வீட்டில் யாரும் தொடக் கூடாது, டேப்பும் காகிதமும் பட்டால் கூர் போய்விடும். மகள் ஒரு முறை அதில் அட்டை வெட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு திரும்ப மாட்ட ஆரம்பித்தபோது எதுவும் பொருந்தவில்லை. கதவுக்குக் கீல் பொருந்தினால் பூட்டு பொருந்தாது, பூட்டு பொருந்தினால் கண்ணாடி ஏறாது. ஒரு மாதம் மல்லுக்கட்டினார். "அந்த லாட்ஜ்காரன் வேற வண்டிச் சாமானை உள்ள வச்சு என் தலையில கட்டிட்டான்" என்று சொல்லி ஸ்பேனரைக் கீழே வைத்தவர்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தூசி தட்டுவதோடு சரி.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு கடை விஷயத்தைச் சொல்லி, ஷெட்டைக் கேட்டேன். பெரிய சண்டை வரும் என்று பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "சரி, வித்துடலாம்" என்றார். அவ்வளவுதான். தயார் பண்ணி வைத்திருந்த பேச்சையெல்லாம் நானே விழுங்க வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

விளம்பரத்துக்குப் படம் எடுத்தார். ஊரில் பாதிப் பேரின் பாஸ்போர்ட் முகம் இவர் எடுத்ததுதான். ஸ்டுடியோவை மூடிய பிறகு வீட்டுத் தரகர் ஒருவருக்கு வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறார். ஒண்டுக் குடித்தனத்தையும் அரண்மனை மாதிரி காட்டுவதில் மன்னன்.

அந்தக் கைவரிசையைக் காருக்கும் காட்டினார். காலை வெளிச்சம் விழும்வரை காத்திருந்து, துரு தெரியாத பக்கமாக நின்று, ஒரு வெள்ளைத் துணியை என்னைப் பிடிக்கச் சொல்லி... கை கடுத்துவிட்டது. ஆனால் படம் அழகு! நானே ஒரு நிமிஷம் மயங்கிவிட்டேன். இதுவா நம் ஷெட்டில் இருப்பது?

ஜனவரி 25, சனி

படத்தைப் பார்த்து வந்தவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்று எல்லாரும் ஒரே வசனம்.

ஹோட்டல்காரர் ஒருவர் மட்டும் ஆர்வமாக இருந்தார். கூரையை வெட்டி எடுத்துவிட்டு உள்ளே மேசை போட்டு, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி செய்யப் போகிறாராம். இவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தரை ஓட்டைங்க, சூப்பு ஊத்தினா கீழ போயிடும்" என்றார். ஹோட்டல்காரர் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஜனவரி முடியப் போகிறதே.

பழைய இரும்புக்காரரும் வந்தார். எடைக்குக் கேட்டார். இவர் உள்ளே எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 30, வியாழன்

மகள் போன். "வண்டிய வித்துட்டா அப்பா ஞாயித்துக்கிழமை என்னம்மா பண்ணுவாரு?" எனக்கு மட்டும் அந்தக் கவலை இல்லையா என்ன.

பிப்ரவரி 2, ஞாயிறு

இப்படியே போனால் கதைக்கு ஆகாது என்று நானே என் போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். துருவைப் படம் எடுத்தேன். தரை ஓட்டையை எடுத்தேன். பின் சீட்டைத் தூக்கி எலி வைத்திருந்த கூட்டை எடுத்தேன். போர்வை சுற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கதவுகள், அலமாரி நிறைய டப்பாக்கள், எல்லாம். துணியில் கறை இருந்தால் வாங்குகிறவரிடம் முதலிலேயே விரித்துக் காட்டிவிட வேண்டும். மடித்து மறைத்துக் கொடுத்தால் அது திரும்பித்தான் வரும்.

விளம்பரமும் நானே எழுதினேன்:

"பழைய கார் விற்பனைக்கு. ஓடாது, தள்ளினால் நகரும். எங்களிடம் வந்த பிறகு ஓடியதே இல்லை. எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது. தரையில் ஓட்டை உண்டு. பின் சீட்டில் எலி குடும்பம் நடத்தியது, இப்போது காலி செய்துவிட்டது. கதவுகள் கழற்றிய நிலையில். சாமான்கள் டப்பாக்களில் இருக்கின்றன, சில பொருந்தாது. வேலை செய்ய ஆசை உள்ளவர்கள் வரலாம், வேலைக்குக் குறைவில்லை."

படித்துவிட்டு, "இப்படி எழுதினா எவன் வருவான்?" என்றார்.

"வர்றவன் திரும்பிப் போக மாட்டான்."

பிப்ரவரி 5, புதன்

ஒரு போன்கூட வரவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை நன்றாகத் தெரிகிற மாதிரி செய்தார்.

பிப்ரவரி 8, சனி

வந்தாள். ஆமாம், ஒரு பெண். முப்பது வயது இருக்கும். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலையாம். வணக்கம் சொல்லிவிட்டு, கையில் இருந்த டார்ச்சோடு நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. இவர் அந்தக் காலைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெல்டிங் தெரியுமா?"

"தெரியும் சார்."

"இதை வெச்சு என்ன பண்ணப் போறே?"

"ஓட்டப் போறேன் சார்."

"எப்போ ஓடும்னு நினைக்கிற?"

"அது அதோட இஷ்டம்." காலும் சேர்ந்து சிரித்தது.

பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். தூசி படியாத இடம் இருக்கிறதா, மழை ஒழுகுமா, பெயின்ட் என்ன நிறம் அடிப்பாய் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் இடையில் புகுந்து, "ஏம்மா, ஓடுற வண்டியே வாங்கலாமே?" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

அவள் எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வேலை நேரம் பூரா ஓட வேண்டியது நின்னு போச்சுன்னு ஆளுங்க கத்துவாங்கம்மா. உடனே சரி பண்ணணும். இதுக்கு அப்படி யாரும் கத்த மாட்டாங்க இல்ல?" என்றாள்.

டப்பாச் சாமான் பொருந்தாது, லாட்ஜ்காரர் ஏமாற்றிவிட்டார் என்பதையும் இவர் ஒளிக்காமல் சொன்னார். பார்த்துக்கலாம் சார் என்றாள். முன்பணம் கொடுத்துவிட்டாள். அவள் இருக்கும் இடத்தை ஒழித்துக்கொண்டு மார்ச் ஒன்றாம் தேதி எடுத்துப் போவாள்.

அவள் போன பிறகு, "நல்ல பொண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நல்ல பொண்ணுதான்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் குறைந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஷெட்டில் மேசை எங்கே, மெஷின் எங்கே என்று அடையாளம் போடப் போனோம். நான் வண்டிக்குப் பின்னால், உள்சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்து நின்றேன். நாளைக்கு அப்படித்தானே உட்காரப் போகிறேன். அவர் சாக்பீஸோடு வாசலில் நின்றார்.

"வெட்டுற மேசை இடது பக்கம்" என்றேன்.

அவர் போய் எதிர்ச் சுவரில் கோடு போட்டார்.

"இடதுன்னு சொன்னேன்."

"இடதுலதானே போட்டேன்."

"அது வலது. கடையில உட்கார்ந்திருக்கறது நான். எனக்கு எது இடதோ அதுதான் இடது. ஒரு சட்டைக்கு இடது கைன்னா போட்டிருக்கறவங்க இடது கைதானே? எதிர்ல நின்னு பார்க்கறவங்களோடதா?"

"படம் எடுக்கறவனுக்கு எதிர்ல தெரியற இடதுதான் இடது. முப்பது வருஷமா அப்படித்தான்..."

அத்தோடு சட்டென்று நிறுத்திவிட்டார். சாக்பீஸ் கையில் இருக்க, அலமாரிப் பக்கம் திரும்பி அப்படியே நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இவர் வாதத்தைப் பாதியில் விடுவது அபூர்வம். கோட்டை அழித்து நான் சொன்ன பக்கம் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் இவர் ஷெட்டில். டப்பாக்களை எல்லாம் இறக்கித் தரையில் இரண்டு வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார். என்ன என்று கேட்டால், "அந்தப் பொண்ணுகிட்ட ஒழுங்கா எண்ணிக் குடுக்கணும்ல" என்கிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றும் ஷெட். கதவைச் சாத்திக்கொண்டு. சாப்பிடக் கூப்பிடப் போனபோது உள்ளே ஒரு சத்தம், பழைய பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்குகிற மாதிரி. தட்டினேன். "வர்றேன், நீ போ" என்றார். வந்தபோது கை முழுக்க கிரீஸ். முகத்தில் பல நாளாகப் பார்க்காத ஒரு தெளிச்சி.

இந்த முகத்தை எனக்குத் தெரியும். வண்டி வாங்கி வந்த புதிதில் இருந்த முகம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம் தள்ளி எடுத்துக்கச் சொல்லலாமான்னு கேக்கறாரு. எதுக்குன்னு கேட்டேன். "சும்மாத்தான். ஒரே ஒரு வாரம்." சும்மாவா? ஒரு வாரம் அப்புறம் ஒரு மாசம் ஆகும், அப்புறம் பெயின்ட் ஒண்ணு பாக்கின்னு வரும். எனக்குத் தெரியாதா? மேசையை எங்க கொண்டுபோய் வைப்பேன், தலைமேலயா? ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் ஏப்ரல்ல வரும். கடை இல்லன்னா அடுத்த தையல்காரிகிட்ட போயிடுவாங்க, ஒரு தடவை போனா போனதுதான். இத்தனை வருஷமா நான் எதுக்காவது தள்ளிப் போடுங்கன்னு கேட்டிருப்பேனா? ஷெட்டை ஒரு தடவை கேட்டேன். ஒரே தடவை.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி விடு. ஒண்ணாந் தேதியே வரட்டும்" என்றார். என்ன கோபம் என்றால், அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காபி போட்டு வைத்திருந்தார். குடித்தேன்.

மார்ச் 1, சனி

போய்விட்டது.

அந்தப் பெண் இழுவை லாரியோடு காலையிலேயே வந்துவிட்டாள். நால்வருமாகத் தள்ளினோம், லாரி டிரைவரும் சேர்த்து. நான் எழுதியது பொய்யில்லை, தள்ளினால் நகர்ந்தது. வாசல் மேட்டில் மட்டும் ஒரு தடவை முரண்டு பிடித்தது. வெயிலில் அதை நான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். நீலம் என்று நினைத்திருந்தேன், பச்சை கலந்த நீலம்.

நான் டீ போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ டேப்பைக் காட்டி மெதுவாகச் சொன்னார். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். என்னைப் பற்றித்தான் ஏதோ கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், இன்றைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

லாரி முனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு ஷெட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை, வண்டி நீளத்துக்கு.

"மேசை எப்போ வருது?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

சுவருக்கு வெள்ளை அடித்தார். தனியாக. உதவிக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். மதியம் பார்த்தால் வேலை முடிந்து, பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் இன்னொரு வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

அவருக்கு இன்று வேலையே இல்லை. மூன்று முறை பேப்பர் படித்தார்.

மார்ச் 27, வியாழன்

கடை மாறியாயிற்று. மேசை, மெஷின், நூல் அலமாரி எல்லாம் சாக்பீஸ் கோட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தன. கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முதல் வாடிக்கைக்காரம்மா, "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எங்க மாப்பிள்ளை இருந்தாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

லிஃப்ட் பெண் வந்தாள், வேலைக்குப் போடுகிற முழுச் சட்டையின் பாக்கெட் கிழிந்துவிட்டது என்று. இவர் தரகரோடு ஏதோ வீட்டைப் படம் எடுக்கப் போயிருந்தார். பாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டே வண்டியைப் பற்றி விசாரித்தேன். தரைக்குத் தகடு வைத்துவிட்டாளாம். நாளைக்குக் கதவுகள் மாட்டப் போகிறாளாம்.

"அய்யய்யோ, கதவா? அதுதான் பொருந்தவே பொருந்தாதேம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சார் உங்ககிட்ட சொல்லலையா?"

"என்னத்தை?"

"எல்லாமே அதே வண்டிச் சாமான்தாம்மா. எதுவும் மாறல. நீங்க டேப் ஒட்டினது வண்டிக்குள்ள உட்கார்ந்து பார்க்கற இடது வலது. சார் ஒட்டினது முன்னாடி நின்னு பார்க்கற இடது வலது. ரெண்டும் கலந்து போச்சு. அதான் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. கத்தரிக்கோலால வெட்டின டேப்பு அம்மாவோடது, அப்படியே எடுத்துக்கோ, பல்லால கிழிச்சது என்னோடது, மாத்தி எடுத்துக்கோன்னு சொன்னாரு. வண்டி எடுத்துட்டுப் போன அன்னிக்கு."

மெஷினை நிறுத்திவிட்டேன்.

"அன்னிக்கே அவருக்குத் தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்மா. ஒரு கதவை மாட்டி, கண்ணாடிய ஏத்தி இறக்கிப் பார்த்தாராம். வெண்ணெய் மாதிரி ஏறிச்சாம். அப்புறம் மறுபடியும் எல்லாத்தையும் கழட்டி டப்பாவுல போட்டுட்டாராம். ஏன் சார் கழட்டினீங்க, எனக்கு ஒரு வேலை மிச்சமாயிருக்குமேன்னு கேட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "மாட்டி வச்சிருந்தா அவ பார்த்திருப்பான்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சு இப்போ உளறிட்டேன்."

பாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். போகும்போது, நாளைக்குக் கதவு தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், சார் வருவாரா என்று கேட்டாள். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

அந்தச் சாக்பீஸ் நாள். ஜன்னல் சத்தம். ஒரே ஒரு வாரம் கேட்டாரே, அது. நான் என்ன கத்து கத்தினேன்.

அப்போதே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மனதைத் தொட்டுச் சொன்னால், விற்கத்தான் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன். எனக்கு இடம் வேண்டும். அது அவருக்கும் தெரியும். சரியாகிவிட்ட வண்டியைப் பிடுங்கி விற்றவள் என்று நான் ஆகிவிடக் கூடாது என்று, கதவைக் கழற்றிப் போர்வை சுற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். ஓடாத வண்டியாகவே அனுப்பிவிட்டார்.

அவர் வந்ததும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். வந்தார். தோசை நன்றாக இருக்கிறது என்றார். கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் சொன்னேன். "அந்த லிஃப்ட் பொண்ணு நேத்து வந்துச்சு."

பேப்பர் கீழே இறங்கவில்லை. "என்னவாம்?"

"பாக்கெட் கிழிஞ்சுடுச்சாம். இன்னிக்குக் கதவு மாட்டறாளாம். பிடிக்க ஒரு ஆள் வேணுமாம், உங்களை வரச் சொன்னா."

"அவ வண்டி. எனக்கு என்ன வேலை அங்க."

ஆனால் அடுத்த பத்து நிமிஷத்துக்குப் பேப்பரில் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவருடைய பழைய கேமராப் பையை எடுத்தேன். ஒரு துண்டு, தண்ணீர், சாப்பாடு, சிவப்பு டேப் ஒன்று, பச்சை டேப் ஒன்று வைத்தேன். கடைசியில் மேசை டிராயரைத் திறந்து என் துணிக் கத்தரிக்கோலை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பையை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

திறந்து பார்த்தார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"இது நீ துணி வெட்டுறதாச்சே."

"ம்."

"டேப்பை வெட்டினா கூர் போயிடும்பியே."

"போனா சாணை பிடிச்சுக்கலாம். இனிமே பல்லால கிழிக்காதீங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பெண் எதையெல்லாம் உளறியிருப்பாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

நான் ஷெட்டில் உட்கார்ந்து திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்தேன். வெயில் மேசைவரை வந்து, பிறகு போயிற்று.

சாயங்காலம் வந்தார். கை முழுக்க கிரீஸ், நெற்றியில் ஒரு கோடு. இரண்டு கதவு மாட்டியாயிற்றாம். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாளாம். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் டேப் பசை, கூர் ஒரு இடத்தில் மழுங்கியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டிராயரில் வைத்தேன். திட்டவில்லை.